மாம்பழம் என்று சொல்லிப் பாருங்கள்: மூச்சு பேச்சாகும் வழி, படிப்படியாக

வைகாசியில் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் இறங்கினால் காதில் முதலில் விழுவது இந்தச் சொல்தான். "மாஆஆம்பழம்... மாஆஆம்பழம்..." கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அம்மா ஆ-வை இழுக்கிற இழுப்பு, பஸ் ஹாரனையும் தாண்டிக் கடைசி சீட்டு வரை வந்துவிடும். இழுக்காமல் சாதாரணமாகச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் விலா எலும்பில் தொடங்கி உதடு வரை பல டஜன் தசைகள் முறை மாறாமல் வேலை செய்து முடித்துவிடுகின்றன.

நான் பென்னாகரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. எழுத்துகளின் பிறப்பைப் பத்தொன்பது வருடம் பாடமாக நடத்தியிருக்கிறேன். எந்த எழுத்து எங்கே பிறக்கிறது என்று பலகையில் எழுதிப் போடுவேன், பிள்ளைகளும் மனப்பாடம் செய்வார்கள். ஒரு வருடம் அரையாண்டுத் தேர்வு நேரத்தில் என் குரல் கம்மிப்போய், மூன்று வாரமாகியும் திரும்பவில்லை. அப்போது என்னைப் பார்த்த பேச்சுப் பயிற்சியாளர் மருந்துக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரு ஸ்ட்ராவையும் என் கையில் கொடுத்தார். என் தொண்டைக்குள் நடப்பதை என் விரலாலேயே தொட்டுத் தெரிந்துகொள்ள முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து வகுப்பிலும் இதைச் செய்ய வைத்துத்தான் நடத்துகிறேன்.

இந்த வழிகாட்டியில் ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம்: மாம்பழம். அதை நுரையீரலிலிருந்து காது வரை பின்தொடர்வோம். ஒரு டம்ளர் தண்ணீர், இளநீர்க் கடை ஸ்ட்ரா ஒன்று, குளிர்ந்த எவர்சில்வர் தட்டு, மெழுகுவத்தி, கைப்பேசி இருந்தால் போதும். படித்துக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு படியிலும் நின்று செய்து பாருங்கள்.

முதல் படி: மூச்சைப் பிடித்து வைப்பது

ஒரு கையை வயிற்றின் மேல்பாகத்திலும் இன்னொரு கையை விலாப் பக்கத்திலும் வையுங்கள். சும்மா இருக்கும்போது மூச்சு உள்ளே போகிற நேரமும் வெளியே வருகிற நேரமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாறு முறை, ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் காற்று. இப்போது கையை எடுக்காமலே நேற்று என்ன சமைத்தீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சட்டென்று ஓர் இழுப்பு, பிறகு நீளமாக ஓர் இறக்கம். பேசும்போது மூச்சின் நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே இழுக்கப் போகிறது. மீதி முழுக்க வெளியே விடுவதற்கு.

இழுக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் விரிந்திருக்கும் தசை அது. அது கீழே இறங்கும்போது வயிறு முன்னால் தள்ளும், உங்கள் கை அதை உணரும். வெளியே விடுவதற்குப் பெரிய முயற்சி வேண்டாம். ஊதிய பலூன் தானாகச் சுருங்குவதுபோல் நுரையீரலும் விலாக்கூடும் தானாகச் சுருங்கும். அப்படியே விட்டுவிட்டால் காற்று ஒரே மூச்சில் கொட்டிப் போய்விடும். அதனால் பேச்சின் தொடக்கத்தில், மூச்சை இழுக்க உதவிய விலாத் தசைகளே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்கின்றன. பலூன் வாயை விரலால் பிடித்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுவோமே, அதுபோல. நீண்ட வாக்கியத்தின் கடைசியில்தான் வயிற்றுத் தசைகள் இறுகி, மிச்சக் காற்றைத் தள்ளும்.

இனி ஸ்ட்ரா. டம்ளரில் தண்ணீர் நிரப்புங்கள். ஸ்ட்ராவில் நுனியிலிருந்து 5 சென்டிமீட்டரில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை தண்ணீரில் இறக்கி ஊதுங்கள். குமிழி ஐந்து நொடி ஒரே சீராக வரவேண்டும். சாதாரணப் பேச்சுக்குத் தேவையான காற்றழுத்தம் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீரின் அழுத்தம்தான். அந்தக் குமிழியை விடாமல் எழுப்ப முடிந்தால் பேசுவதற்கான மூச்சு உங்களிடம் இருக்கிறது. என் வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகூட இதைச் செய்கிறது. உரக்கப் பேசுவதற்கு மலையளவு பலம் வேண்டும் என்று நினைத்துத் தொண்டையை இறுக்குபவர்கள் இந்தக் குமிழியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: களி விழுங்கும் இடம்

கழுத்தின் முன்பக்கம் இரண்டு விரலை லேசாக வையுங்கள். கெட்டியான குருத்தெலும்பு ஒன்று தட்டுப்படும். அதன் மேல்விளிம்பில் நடுவே சிறு பள்ளம் இருக்கும். இதுதான் குரல்வளையின் முன்சுவர், கேடயக் குருத்தெலும்பு. ஆண்களுக்கு அதன் இரண்டு தகடுகளும் கூர்மையாகச் சேர்வதால் முன்னால் துருத்திக்கொண்டு தெரியும். பெண்களுக்கு அந்தக் கோணம் விரிந்திருப்பதால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. அதற்குக் கீழே விரலை இறக்கினால் மெத்தென்று ஒரு சிறு இடைவெளி, அதற்கும் கீழே மோதிரம்போல் ஒரு வளையம். அந்த இடைவெளியை நினைவில் வையுங்கள், அப்புறம் திரும்பி வருவோம்.

விரலை எடுக்காமல் ஓர் உருண்டை களியை விழுங்குங்கள். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் களியை மென்று தின்கிறவர்களைப் பார்க்க முடியாது. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே உள்ளே விடுவதுதான் வழக்கம். விழுங்குகிற கணத்தில் குரல்வளை முழுவதும் மேலே எழும்பி இறங்குவதை விரல் சொல்லும். அந்த நேரத்தில் மூச்சு நிற்கிறது, குரல்வளைக்கு மேலே இருக்கும் மூடி சாய்ந்துகொள்கிறது, அதற்குக் கீழே குரல் மடிப்புகள் இரண்டும் இறுக மூடிக்கொள்கின்றன. ஒரு பருக்கை தப்பி உள்ளே போனால்தான் புரையேறுகிறது. யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம்.

குரல்வளையின் முதல் வேலை மூச்சுக்குழாய்க்குக் காவல் இருப்பது. இரண்டாவது வேலை பாரம் தூக்குவதற்கு உதவுவது. ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்குபவர் "ஹக்" என்று ஒரு சத்தம் விடுவார், கவனித்திருப்பீர்கள். நெஞ்சுக்குள் காற்றை அடைத்து உடம்பைக் கெட்டியாக்கிக்கொள்ளும் மடிப்புகள் திடீரென்று திறக்கும் சத்தம் அது. இப்படிக் கதவாக இருக்கும் உறுப்பைத்தான் நாம் பேசவும் பயன்படுத்துகிறோம். இந்தக் கதவை மூட உதவும் தசைகள் பல இருக்கின்றன. திறப்பதற்கு இருப்பதோ ஒரே ஒரு ஜோடி.

மூன்றாம் படி: நொடிக்கு இருநூறு முறை

குரல் நாண் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லைக் கேட்டால் வீணைக் கம்பிபோல் ஏதோ கட்டியிருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவை பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு சதை மடிப்புகள். பெண்களுக்கு ஒரு புளியங்கொட்டை நீளம், ஆண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். உள்ளே தசை. மேலே மெல்லிய தோல். இரண்டுக்கும் நடுவே பசைபோன்ற ஓர் அடுக்கு. நுங்கைத் தோலோடு விரலால் தொட்டால் எப்படித் தளதளவென்று அலைகிறதோ, மடிப்பின் மேற்பரப்பும் அப்படித்தான் அலைகிறது.

"ஆ" என்று சொல்லும்போது இந்த மடிப்புகள் நொடிக்கு நூறு, இருநூறு முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் மூளை தனித்தனியே கட்டளை அனுப்புகிறதா? 1950-ல் பிரான்ஸ் நாட்டு ராவுல் ஹுசோன் அப்படித்தான் சொன்னார். அது தவறு என்பதைச் சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டி விளையாடும் சத்தமே காட்டிவிடும். உதட்டைத் தளர்வாக மூடி "ப்ர்ர்ர்ர்" என்று காற்றை விடுங்கள். உதடு தானாகப் படபடக்கும். ஒவ்வொரு படபடப்பையும் நீங்கள் செய்யவில்லை. உதட்டைச் சேர்த்து வைத்தது நீங்கள், மற்றதைச் செய்வது காற்று. மூடிய மடிப்புக்குக் கீழே அழுத்தம் கூடுகிறது, மடிப்பைப் பிளந்துகொண்டு காற்று வெளியேறுகிறது. உடனே மடிப்பின் நெகிழ்ச்சியும், வேகமாக ஓடும் காற்றால் அங்கே குறையும் அழுத்தமும் சேர்ந்து அதைத் திரும்ப மூடுகின்றன. மடிப்பின் அடிவிளிம்பு முதலில் திறந்து முதலில் மூடும், மேல்விளிம்பு சற்றுப் பின்னால் வரும். இந்த முன்பின்தான் அதிர்வை நிற்காமல் ஓட வைக்கிறது. 1958-ல் நெதர்லாந்தின் வான் டென் பெர்க் இந்த விளக்கத்தின் அடிப்படையைத் தந்தார்.

மடிப்புகள் அசைவதை உயிருள்ள மனிதரின் தொண்டையில் தெளிவாகப் பார்த்துப் பதிவு செய்தவர் மருத்துவர் அல்ல, பாட்டு வாத்தியார். 1854-ல் மானுவேல் கார்சியா, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் நீளப் பிடி வைத்த சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் பிடித்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலை அதன்மேல் திருப்பி, தன் குரல் பிறக்கும் இடத்தைத் தானே பார்த்தார். குரலை நம்பிப் பிழைக்கிறவருக்குத்தான் அந்த ஏக்கம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு கணக்குப் போடுவோம். என் குரல் நொடிக்கு 200 முறை அதிர்கிறது. நிமிடத்துக்கு 12,000. நாற்பது நிமிட வகுப்பில் பாதி நேரம்தான் குரல் ஒலிக்கிறது என்று வைத்தாலும் 2,40,000 முறை இரண்டு மடிப்புகளும் ஒன்றையொன்று மோதுகின்றன. ஒரு நாளைக்கு ஆறு வகுப்பு. சத்தம் போட்டுப் பேசினால் மோதலும் பலமாகும். எங்கே அதிகமாக மோதுகிறதோ அங்கே, முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரண்டு பக்கமும் காய்ப்புபோல் முடிச்சு விழும். மண்வெட்டி பிடிக்கிற உள்ளங்கை காய்த்துப்போவதுபோல்தான். எனக்கு விழுந்தது அதுதான். மின்னி மின்னி அணையும் ஒரு விளக்கால் வேகமான அதிர்வை மெதுவாக ஓடுவதுபோல் திரையில் காட்டினார்கள். இரண்டு மடிப்பும் சேரும்போது நடுவில் முடிச்சு மட்டும் முட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் சந்து விழுந்தது. அந்தச் சந்து வழியாகக் கசிந்த காற்றுதான் என் குரலில் இரைச்சலாகக் கேட்டது.

ஆசிரியர்கள், கூத்துக் கலைஞர்கள், ஏலம் கூவுகிறவர்கள் எல்லோருக்காகவும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். தொண்டை கட்டினால் பனங்கற்கண்டு, தேன், மிளகு என்று விழுங்குகிறோம். தொண்டைக்கு இதமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் மடிப்பின்மேல் படாது, பட்டால் புரையேறும். களி விழுங்கியபோது பார்த்தோமே, அந்தக் கதவு மூடிவிடும். குடித்த தண்ணீர் உடம்பில் சேர்ந்து, அந்த வழியாகத்தான் மடிப்பு ஈரமாகும். அதனால் வகுப்புக்கு நடுவில் ஒரு மடக்குக் குடிப்பதைவிட, காலையிலிருந்தே நாள் முழுக்கக் குடிப்பது நல்லது. ஆவி பிடித்தால் அது நேராக மடிப்பு வரை போகும். குரல் கம்மும்போது கிசுகிசுத்துப் பேசுவதும் பலருக்கு ஓய்வாக இருப்பதில்லை, மடிப்புகளை இறுக்கிக்கொண்டுதான் கிசுகிசுக்கிறார்கள். எனக்குக் கொடுத்த பயிற்சி, ஸ்ட்ராவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீரில் இறக்கி, "ஊ" என்று குரல் கொடுத்துக்கொண்டே குமிழி விடுவது. வாய்க்குள் எதிரழுத்தம் உண்டாவதால் மடிப்புகள் மெதுவாக மோதப் பழகுகின்றன. கத்தியைத் தொடாமலே சில மாதத்தில் என் குரல் திரும்பியது. எல்லோருக்கும் இது ஒரே காரணமாக இருக்காது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள், கை வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

நான்காம் படி: ஏற்றமும் இறக்கமும்

நினைவில் வைக்கச் சொன்ன இடைவெளியில் விரலை வையுங்கள். தாழ்ந்த குரலில் "ஆ" என்று தொடங்கி, மெதுவாக உச்சிக்குப் போங்கள். இடைவெளி குறுகுவதை உணர்வீர்கள். அங்கே இருக்கும் தசை இழுக்கும்போது குருத்தெலும்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. அதனால் மடிப்பு நீண்டு, விறைத்து, வேகமாக அதிர்கிறது. ஆண்களின் பேச்சுக் குரல் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 அதிர்வு) அளவிலும், பெண்களுடையது 200-க்கு மேலும், சிறு பிள்ளைகளுடையது 300-ஐ ஒட்டியும் இருக்கும். எட்டாம் ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு மடிப்பு வேகமாக நீண்டு தடிக்கும் பருவம். வாசிக்கும்போது குரல் உடைந்தால் வகுப்பு சிரிக்கும். ஏன் அப்படி ஆகிறது என்று முன்கூட்டியே ஒருமுறை சொல்லிவிட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

ஐந்தாம் படி: நிரம்பும் குடமும் ஆ-வும்

மடிப்பிலிருந்து கிளம்புவது வெறும் ரீங்காரம். 200 ஹெர்ட்ஸ் குரல் என்றால் அதில் 200, 400, 600, 800 என்று மடங்குகள் எல்லாம் கலந்திருக்கும், மேலே போகப் போக வலு குறைந்துகொண்டே வரும். இந்த ரீங்காரம் ஆ-வா, ஈ-யா, ஊ-வா என்பதைத் தீர்மானிப்பது தொண்டையும் வாயும்.

குழாயடியில் குடம் நிரம்பும்போது சத்தம் மாறுவதை வைத்தே குடத்தை எப்போது நகர்த்த வேண்டும் என்று நமக்குத் தெரியும். உள்ளே இருக்கும் காற்றின் நீளம் குறையக் குறைய ஒலி மேலே ஏறுகிறது. ஒரு வெற்றிடத்துக்கு அதன் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்ற சில அதிர்வெண்கள் பிடிக்கும், அவற்றை மட்டும் தூக்கிக் கொடுக்கும். இதுதான் ஒத்ததிர்வு. ஓர் ஆணின் குரல் மடிப்பிலிருந்து உதடு வரை சுமார் 17.5 சென்டிமீட்டர். ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த நேரான குழாயாக அதை எடுத்துக்கொண்டால், ஒலியின் வேகத்தை நொடிக்கு 350 மீட்டராக வைத்துக் கணக்கிட்டால், ஒத்ததிர்வுகள் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் வரும். நாக்கும் தாடையும் உதடும் அசைந்து அந்தக் குழாயை ஓரிடத்தில் நெரித்து, ஓரிடத்தில் விரித்து இந்த எண்களை மேலும் கீழும் நகர்த்துகின்றன. ஆ-வுக்கு முதல் இரண்டும் ஏறத்தாழ 700-ம் 1100-ம். ஈ-க்கு 300-ம் 2300-ம். ஊ-வுக்கு 300-ம் 900-ம். இவை ஆண் குரலுக்கான தோராய அளவுகள். 1941-ல் ஜப்பானின் சிபாவும் கஜியாமாவும், 1960-ல் ஸ்வீடனின் குன்னர் ஃபான்ட்டும் இந்தக் கணக்கை முழுமையாக வகுத்துக் கொடுத்தார்கள்.

கருவி இல்லாமலே இதைக் கேட்கலாம். குரல் கொடுக்காமல், வெறும் மூச்சில் "ஈ, ஏ, ஆ, ஓ, ஊ" என்று சொல்லுங்கள். மடிப்பு அதிரவே இல்லை, ஆனாலும் ஒரு சுருதி மேலிருந்து கீழே படி இறங்குவது கேட்கும். அது இரண்டாவது ஒத்ததிர்வு. அடுத்து மூச்சை அடக்கி, வாயை ஆ வடிவில் வைத்துத் தாடைக்குக் கீழே கழுத்தின் பக்கவாட்டில் விரலால் சுண்டுங்கள். பிறகு ஈ வடிவில் வைத்துச் சுண்டுங்கள். ஆ-வில் சத்தம் மேலே, ஈ-யில் கீழே. அது முதல் ஒத்ததிர்வு. பேச்சை இரண்டு துண்டாகப் பிரித்துக் கையில் கொடுப்பதுபோல் இருக்கும் எனக்கு இந்தச் சோதனை.

பேருந்து நிலையத்து அம்மா ஏன் ஆ-வை இழுக்கிறார் என்பதும் இதில்தான் இருக்கிறது. வாய் அகலத் திறக்கும் ஆ-வுக்கு இயல்பாகவே ஒலி வலு அதிகம். இழுத்தால் தூரம் போகும். அவர் ம்-மை இழுத்துப் பயனில்லை.

ஆறாம் படி: மூடிய உதட்டுக்குள் இரண்டு எழுத்து

"ம்ம்ம்" என்று சொல்லிக்கொண்டே மூக்கைப் பிடியுங்கள். ஒலி நின்றுவிடும். எவர்சில்வர் தட்டை மூக்குக்குக் கீழே பிடித்து "மா" என்றால் ஆவி படியும், "பா" என்றால் மூக்குக்கு நேரே படியாது. வாயின் கூரையை நாக்கால் முன்னிருந்து பின்னாகத் தடவுங்கள். முதலில் பல்லடி மேடு, பிறகு கெட்டியான வல்லண்ணம், அதற்கும் பின்னால் மெத்தென்ற மெல்லண்ணம். அந்த மெல்லண்ணம்தான் மூக்கு வழிக்குக் கதவு. தாழ்ந்தால் மூக்கு திறக்கும், எழும்பினால் மூடும்.

இப்போது "ம்ப" என்று மிக மெதுவாகச் சொல்லுங்கள். ம்-முக்கு உதடு மூடியிருக்கிறது. ப-வுக்கும் அதே உதடுதான், நடுவில் திறக்கவே இல்லை. மடிப்பின் அதிர்வும் நிற்கவில்லை. மாறுவது ஒன்றே ஒன்று, மெல்லண்ணம் எழும்பி மூக்கை அடைக்கிறது, பத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று இன எழுத்துகளைப் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கக் கொடுக்கிறோம். நாக்கோ உதடோ ஒரே இடத்தில் ஒட்டியிருக்க, மூக்குக் கதவு மட்டும் மூடுவதுதான் இனம் என்பதன் பொருள். என் பிள்ளைகள் இப்போது இதை ஒப்பிப்பதில்லை. வாயில் வைத்துப் பார்த்துச் சொல்கிறார்கள்.

தொண்டையில் விரலை வைத்து "பழம்", "மாம்பழம்" என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். பழத்தின் ப-வில் உதடு மூடியிருக்கும்போது அதிர்வு இல்லை. மாம்பழத்தின் ப-வில் இருக்கிறது. எழுதுவது ஒரே எழுத்து, வாயில் இரண்டு ஒலி. அடுத்து மெழுகுவத்தியை ஒரு சாண் தூரத்தில் ஏற்றி "பழம்" சொல்லுங்கள், சுடர் லேசாக ஆடும். ஆங்கிலக்காரர் உச்சரிப்பில் "பென்" (pen, பேனா) சொன்னால் படாரென்று சாயும், ஏனென்றால் உதடு திறந்த பிறகும் சிறிது நேரம் மடிப்பு அதிராமல் வெறும் காற்று வருகிறது. அந்த இடைநேரத்தை 1964-ல் லிஸ்கரும் ஆப்ரம்சனும் பதினொரு மொழிகளில் அளந்தார்கள். அவற்றில் தமிழும் ஒன்று.

ப-வைப் பற்றிச் சொல்லும்போது ஒகேனக்கல்லைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை. நம் புகையும் அவர்கள் ஹொகெயும் ஒரே சொல்தான், பழைய ப அங்கே ஹ ஆகிவிட்டது. பால் ஹாலு ஆனதும் அப்படித்தான். உதடு மூடுவதை விட்டுவிட்டு, குரல்வளையிலிருந்து வரும் வெறும் மூச்சு மட்டும் மிஞ்சினால் அதுதான் ஹ. தண்ணீர்த் திவலை புகைபோல் எழும்பும் பாறைக்கு வைத்த பெயரில் ஓர் உதட்டின் வரலாறு இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் இந்த இரண்டு பழக்கத்தையும் ஒரே வாயில் வைத்திருக்கிறார்கள். அது பெரிய சொத்து.

ஏழாம் படி: தொடாமல் வருடும் ழ

இதற்குத்தான் மற்ற எல்லாப் படியும்.

"ள்" என்று சொல்லி, நாக்கை அப்படியே நிறுத்தி, வாய் வழியாக மூச்சை உள்ளே இழுங்கள். நாக்கின் இரண்டு பக்கமும் குளிரும். நடுவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருக்கிறது. இப்போது "ழ்" சொல்லி அதேபோல் நிறுத்தி இழுங்கள். குளிர்ச்சி நடுவில் ஓடும். நாக்கு நுனி மேலே வளைந்து பின்னால் போகிறது, அண்ணத்தை நெருங்குகிறது, ஆனால் ஒட்டுவதில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ற, ன இரண்டுக்கும் நுனிநா அண்ணத்தை ஒற்றுவதையும், ர, ழ இரண்டுக்கும் வருடுவதையும் சொல்கிறது. ஒற்றுதல் என்றால் ஒட்டுவது. வருடுதல் என்றால் தடவிப் போவது. கருவி எதுவும் இல்லாத காலத்தில் சொல்லைத் தேர்ந்தெடுத்த நுட்பத்தை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஸ்ரீகாந்த் நாராயணனும் உடன் ஆய்வாளர்களும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் காந்த அதிர்வுப் படத்தாலும் (எம்.ஆர்.ஐ.) நாக்கில் ஒட்டிய சிறு உணரிகளாலும் ஆராய்ந்தார்கள். ழ-வில் நாக்கு வளைந்து, அதற்கு அடியிலும் முன்னாலும் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதனால் மூன்றாவது ஒத்ததிர்வு நன்றாகக் கீழே இறங்கி இரண்டாவதை நெருங்குகிறது. நம் காது ழ என்று அடையாளம் காண்பது முக்கியமாக இந்த இறக்கத்தை வைத்துத்தான்.

ழ வராத பிள்ளைக்கு நான் செய்ய வைப்பது இது. முதலில் "அ" என்று நீளமாகக் குரல் கொடுக்க வேண்டும், தாடை அசையக் கூடாது. குரலை நிறுத்தாமலே நாக்கு நுனியை மெதுவாக மேலே தூக்கிப் பின்னால் சுருட்ட வேண்டும். அ-வின் ஒலி இருண்டுகொண்டே போகும். ஓரிடத்தில் "அழ்" கேட்கும். நாக்கு ஒட்டிவிட்டால் "அள்" ஆகும், அப்போது ஒரு மயிரிழை கீழே இறக்கச் சொல்வேன். அந்த இடம் கிடைத்ததும் அங்கேயே ஐந்து நொடி நிற்க வேண்டும். பிறகு அங்கிருந்து திறந்தால் "அழ". அடுத்து "பழ", கடைசியில் "மாம்பழ". சொல்லிலிருந்து தொடங்காமல் நிலையிலிருந்து தொடங்குவதுதான் முக்கியம். சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னால் பழைய பழக்கம்தான் திரும்பத் திரும்ப வரும்.

வீட்டில் "மாம்பளம்" என்று சொல்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள். அதன் நாக்கில் ஒரு குறையும் இல்லை, கேட்டு வளர்ந்த ஒலி அது. மேடைக்கு ஒன்று, திண்ணைக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் படி: கடைசி ம்

பேச்சில் நாம் யாரும் உதட்டை மூடி "மாம்பழம்" என்று முடிப்பதில்லை. உதடு திறந்தபடியே, ஓ-வை மூக்கால் சொன்னதுபோல் முடிகிறது. தட்டைப் பிடித்துப் பாருங்கள், உதடு மூடாமலே மூக்கிலிருந்து ஆவி படியும். ம் போகவில்லை, மூக்குக்குக் குடிபோய்விட்டது.

ஒன்பதாம் படி: சொல்லைத் திரையில் பார்ப்பது

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராட் (Praat) என்ற, ஒலியை ஆராயும் மென்பொருள் இலவசம். டச்சு மொழியில் அந்தப் பெயருக்குப் பேசு என்று பொருள். பள்ளியின் பழைய கணினியிலேயே ஓடுகிறது. கைப்பேசியில் சத்தமில்லாத அறையில், வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து "மாம்பழம்" பதிவு செய்து, அந்தக் கோப்பை இதில் திறங்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், கறுப்பு கூடக் கூட ஒலி வலு. ஒத்ததிர்வுக் கோடுகளைக் காட்டச் சொல்லும்போது உச்ச வரம்பை ஆண் குரலுக்கு 5000, பெண் குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ் வையுங்கள். இல்லாவிட்டால் கோடுகள் தப்பான இடத்தில் விழும்.

முதலில் மங்கலாக, அடியில் மட்டும் கறுப்பாக இருப்பது ம். சட்டென்று பளிச்சென்று பட்டைகள் எழுந்தால் ஆ. மறுபடி மங்கினால் ம், அதையொட்டிக் கிட்டத்தட்ட வெள்ளையாக ஒரு சந்து, அடியில் மெல்லிய கறை மட்டும்: அதிர்வோடு கூடிய ப. பிறகு அ. அதற்கப்புறம் மூன்றாவது கோட்டைக் கவனியுங்கள்.

போன வருடம் ஆறாம் வகுப்பில் ஒரு பெண், ழ-வுக்காகவே கவிதை ஒப்பிக்க மேடை ஏற மாட்டேன் என்றிருந்தாள். இரண்டு வாரம் "அழ்" பயிற்சி. அவள் காதுக்கு வித்தியாசம் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது, நான் சொன்னால் நம்பவில்லை. பழைய பதிவையும் புதியதையும் திரையில் மேலும் கீழுமாக வைத்தேன். மேலே மூன்றாவது கோடு நேராகப் போனது. கீழே அது ழ வந்த இடத்தில் கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல் இறங்கி, இரண்டாவது கோட்டைத் தொடப்போய், மறுபடி ஏறியது. அவள் விரலைத் திரையில் வைத்து அந்தப் பள்ளத்தை இரண்டு முறை தடவினாள். "இது நானா டீச்சர்?" என்று கேட்டாள்.

"நீதான்."

"இன்னொரு தடவை சொல்றேன், பதிவு பண்ணுங்க."